வாலுவின் காது

எங்கள் பொம்மைப் பட்டறையில் நாய்க்கு உயிர் வருவது கடைசியில்தான். உடம்பு தைத்து, பஞ்சு அடைத்து, கண் பதித்து வரும்வரை அது வெறும் மூட்டை. என் மேசைக்கு வந்து காதும் வாலும் ஏறிய பிறகுதான் நாய். காதை அரை விரல் முன்னால் தள்ளித் தைத்தால் ஏதோ கேட்டு வாயைப் பிளந்த நாய். பின்னால் தள்ளினால் இப்போதுதான் திட்டு வாங்கிய நாய். தொங்கவிட்டுத் தைத்தாலோ எந்தக் குழந்தையும் பயமில்லாமல் கையை நீட்டும். தைத்து முடித்ததும் ஒவ்வொரு காதையும் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். குழந்தை பல்லால் கடித்து இழுத்தாலும் அது பிய்ந்து வாய்க்குள் போய்விடக் கூடாது. பிய்ந்தால் அந்த நாய் என் மேசைக்கே திரும்பி வரும், பின்னாலேயே சூப்பர்வைசர் அம்மாவும் வருவார். நான் வைத்த காது பிய்ந்ததாக இதுவரை பேச்சில்லை.

இப்படிப் பொழுதெல்லாம் காதும் வாலுமாகக் கிடக்கிறவள் வீட்டுக்கு, என் கொழுந்தன் வாலில்லாத ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"வால் எங்கடா?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"இது டாபர்மேன் அண்ணி. பொறந்த ரெண்டு மூணு நாள்லயே வெட்டிடுவாங்க. எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"ஏன், வால் இருந்தா என்ன, கதவு இடுக்குல மாட்டிக்குமா?"

"அழகுக்காம். கெத்துக்காம். எனக்கென்ன தெரியும், எனக்குக் குடுக்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. குட்டி என்றுதான் சொன்னான், நின்றால் என் இடுப்புக்கு வந்தது. பின்னால் வால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டை விரல் மாதிரி ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் அந்தத் துண்டு துடிதுடித்தது. பேச வந்தவன் வாயைப் பொத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. அவன் அதற்கு ஏதோ ஒரு பயங்கரமான பெயர் வைத்திருந்தான், அது என் வாயில் நுழையவில்லை. வாலு என்று கூப்பிட்டேன். அன்றே அது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது. திரும்பியது என்றால் தலை அல்ல, முதலில் காதுகள்தான்.

வால் போயிருந்ததே தவிர, காதுகள் முழுசாக இருந்தன. இந்த ஜாதிக்குக் காதையும் வெட்டி நிமிர்த்திவிடுவார்களாம், வெட்டுகிற வயதில் இதற்குச் சொறி பிடித்திருந்ததாம். வெட்டாத காதோடு வளர்ந்துவிட்டதால் யாரும் எடுக்காமல் மிஞ்சிப்போய், கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெரிய காதுகள். கன்னத்தை மூடித் தொங்கும். தண்ணீர் குடித்தால் அவையும் குடிக்கும். ஓடிவந்து சட்டென்று நின்றால் ஒரு காது உள்புறம் வெளியே தெரிய மடங்கிக்கொள்ளும். அதைத் திருப்பிவிடும்வரை வாலு அப்படியே நிற்கும், சட்டைப் பட்டன் மாட்டிவிடச் சொல்லி நிற்கிற குழந்தைபோல. தொட்டால் அந்தக் காது அவ்வளவு மெத்து. எங்கள் பட்டறையில் முதல்தரத் துணி வரும், வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்கு மட்டும் எடுப்போம். அதுகூட இதன் பக்கத்தில் சாக்குதான்.

"ஞாயித்துக்கிழமை இதையும் வெட்டிடணும் அண்ணி. நாய் டாக்டர்கிட்ட சொல்லி வெச்சுட்டேன்" என்றான் கொழுந்தன்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அவனுக்குப் பஞ்சு என்று பெயர், வைத்தவள் நான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பல்லியை அடிக்கச் சொன்னேன், அவன் அதற்கு ஜன்னலைத் திறந்துவிட்டான். ஆள் என்னவோ கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். அந்த உருவத்தை நம்பித்தான் ஒரு பெரிய குடோனில் கேட் காவலுக்கு எடுத்தார்கள். போன மாதம் ஒருத்தன் உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பஞ்சு அவனோடு சிரித்துப் பேசி, கேட்டையும் திறந்துவிட்டு, "பார்த்துப் போங்க, வெளியில பள்ளம் இருக்கு" என்று வழியனுப்பியிருக்கிறான். பெட்டி போனது போனதுதான். மேனேஜர் இவனைக் கூப்பிட்டு, "உன்னைப் பாத்தா திருடன் வழி கேக்கறான்யா" என்றாராம். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

பார்த்ததும் ஆள் எட்டி நிற்கிற மாதிரி ஒரு நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள், இல்லையென்றால் இந்த மாதத்தோடு வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இதற்கு முன் பஞ்சு பார்த்த வேலைகளையெல்லாம் சொன்னால் பொழுது விடிந்துவிடும். ஒன்றிலும் நிலைக்கவில்லை. இந்த வேலை மட்டும்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. லாரிக்காரர்கள் ஊர்க் கதை சொல்வார்கள், டீக்கார அக்கா தன் மருமகளைப் பற்றிச் சொல்வார், இவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்பான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்ததே இந்த வேலைக்குப் போன பிறகுதான். அது போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் முதல் நாள் காதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் திறந்தேன். நான் வாயைத் திறக்காமல் இரண்டு நாள் இருந்தால் வீட்டில் ஜுரமா என்று கேட்பார்கள்.

"வெட்டினா எப்படிடா நிமிரும்? காது என்ன செடியா?"

"ஓரத்தைச் சீவி, தையல் போட்டு, பஞ்சுக் குச்சி வெச்சுக் கட்டிடுவாங்களாம். அவிழ்த்து அவிழ்த்துக் கட்டணும். மாசக்கணக்குல கட்டினா கொம்பு மாதிரி நின்னுடுமாம்."

"மாசக்கணக்குல யாரு கட்டறது? நீயா? ஊசியைப் பாத்தா நீ மயக்கம் போட்டு விழறவன்."

"நீங்கதான் தையல்காரி ஆச்சே" என்று இழுத்தான்.

வந்ததே எனக்குக் கோபம். "வாலை ஒட்ட நறுக்கிடுவேன்" என்று கத்தினேன். சின்ன வயதில் என்னையும் அப்படித்தான் திட்டினார்கள், நானும் எத்தனையோ பேரை அப்படித் திட்டியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்ன உடனே வாலு தரையோடு தரையாகப் படுத்து, இரண்டு காதையும் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்த வார்த்தை என்னையே சுட்டது. கீழே உட்கார்ந்து, "உன்னை இல்லடா கண்ணு" என்றேன். ஒரு காது மெல்ல முன்னால் வந்தது. இன்னொன்று, நிஜமாகத்தானா என்று யோசித்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வால் போனவனுக்கு மிச்சமிருக்கிற வாய் இந்தக் காதுதான். பசி, பயம், குறும்பு, நீ வந்துவிட்டாயா, என்னை விட்டுப் போகாதே, எல்லாவற்றையும் அது காதால்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் சீவிக் கொம்பாக நிறுத்திவிட்டால் அப்புறம் அது எதைக் கொண்டு பேசும்?

வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவர் சலவை ஆலையில் பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் வேலை செய்கிறவர். அந்த இரைச்சலுக்குப் பழகிப்போன காது, வீட்டில் பாதியைத்தான் கேட்கும், அந்தப் பாதியையும் தனக்குச் சாதகமாகக் கேட்கும். "நாய் அவனோடது, வேலை அவனோடது. உனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தார். வாலு அவர் முதுகின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அவரும் தள்ளிவிடவில்லை.

பட்டறையில் மதியத்துக்கு மேல் வெயில் உயரத்து ஜன்னல் வழியாகச் சாய்ந்து இறங்கும். அந்த வெளிச்சத்தில் பஞ்சுத் துகள் விழவும் விழாமல், போகவும் போகாமல் மிதக்கும். ரேடியோ பாடும். அது பக்கத்துத் தெருவில் பாடுகிறதோ என்று தோன்றும். பேசுகிறவர்களின் உதடு முதலில் அசையும், பேச்சு பிறகு வரும். அந்த நேரத்தில் கை தன்பாட்டுக்குத் தைக்கும், நான் எங்கேயோ இருப்பேன். விழித்துக்கொண்டே கனவு காண்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சூப்பர்வைசர் அம்மாவே சொல்லியிருக்கிறார். பாராட்டாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு, வால் மூட்டைகளின் மேல் சாய்ந்தேன். கண்ணை மூடினேனா என்றுகூடத் தெரியவில்லை. என் மேசைக்கு முன்னால் நாய்கள் வரிசையில் நின்றன. நிஜ நாய்கள். ஒன்றுக்கும் வாலில்லை. தள்ளுமுள்ளு இல்லாமல், மழைக்கு ஒதுங்கியவர்களைப்போல அமைதியாக நின்றன. முதல் நாய் திரும்பி நின்று, "கொஞ்சம் நீளமா இருந்தா நல்லது. எங்க வீட்டுல கண்ணு தெரியாதவங்க இருக்காங்க, ஆட்டினா மேல படணும்" என்றது. நான் மூட்டையில் கையை விட்டுத் துழாவினேன். வந்ததெல்லாம் மஞ்சளும் வெள்ளையும். சூப்பர்வைசர் அம்மா நாற்காலியில் இருந்து, "பழைய வாலைக் கொண்டு வந்தாத்தான் புதுசு" என்றார். "வெட்டினவங்க குடுக்கலையே" என்றது நாய். "அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அவர். எனக்கு அழுகை வந்தது. வரிசை கதவைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வெளிச்சம் மங்குகிற இடம்வரை போயிருந்தது. எங்கோ நடுவில் வாலு உட்கார்ந்திருந்தது.

"உனக்கும் வால் வேணுமா?" என்றேன்.

"இல்ல. காதைக் குடுத்துட்டுப் போக வந்தேன்" என்றது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் என்கிட்ட இருக்குமாம். உங்ககிட்ட இருந்தா பிய்யாதில்ல."

விழித்தபோது என் கன்னத்தில் வாலின் ரோமம் ஒட்டியிருந்தது. மணி அடித்துவிட்டார்கள், எல்லோரும் மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் கை ஏற்கனவே கறுப்புத் துணியைத் தேடிக்கொண்டிருந்தது.

வெட்டாமலே நிமிர்ந்த காது கிடைத்தால் எதற்கு வெட்ட வேண்டும்? கேட்டில் நிற்கும்போது மாட்டிக்கொள்ளட்டும், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடலாம். அன்று சாயங்காலம் வாலுவின் தலையை அளந்தேன். அதன் காதுகளைப் பின்னால் மடித்து அடக்க மெல்லிய துணியில் ஒரு குல்லா, தாடைக்குக் கீழே பட்டை, மேலே கறுப்புத் துணியில் இரண்டு கூர்க் காது, உள்ளே வளையாத பிளாஸ்டிக் தகடு. ஓரம் மடித்து, இழுத்துப் பார்த்து, மாட்டினேன்.

பார்த்த பஞ்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நியாயந்தான். பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப்பார்க்கிற நாய்மாதிரி இருந்தது வாலு. வருஷக்கணக்காகக் குழந்தைகளுக்குப் பிடிக்கிற முகம் வைத்தே பழகிய கை, காதுகளை அகலமாகவும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தும் வைத்துவிட்டது. பிரித்துத் தைத்தேன். இப்போது சோகமான நாய். என் கைக்குப் பயங்கரம் வரவே வரவில்லை. மூன்றாம் தடவை, இது நல்லதில்லை, இப்படி வைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிய இடமாகப் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். நெருக்கமாக, செங்குத்தாக, அசையாமல்.

மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். வாலு என்னைப் பார்த்தது. அதே கண், அதே பழுப்புப் பொட்டு. ஆனால் அது என்ன நினைக்கிறது என்று தெரியவில்லை. என்னை நோக்கி வந்தது. விளையாட வருகிறதா, பாய வருகிறதா? சோறு போட்ட கை இது, எனக்கே தெரியவில்லை. ஓரடி பின்னால் போனேன்.

"அண்ணி, நீங்களே பயந்துட்டீங்க!" என்று பஞ்சு குதித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை. "பாத்தியாடா, இது போதும், வெட்ட வேணாம்" என்றேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் இருவரும் கிளம்பிப் போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு பெரிய மனிதனும் ஒரு கூர்க் காதும் வெளிறிய தெருவில் போக, எதிரில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் மாறினார்கள். நான் தைத்த காதுதான். பெருமையாக இருந்திருக்க வேண்டும், இல்லை.

சாயங்காலம் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மேனேஜர் கார்க் கண்ணாடியை இறக்கிப் பாத்தாரு அண்ணி! 'இப்பதான்யா நீ கேட்ல நிக்கற'ன்னாரு. தினமும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அப்புறமென்ன? டாக்டர்கிட்ட வரலைன்னு சொல்லிடு."

"அது எப்படி அண்ணி?" என்றான், ஒன்றும் தெரியாதவளுக்கு விளக்குகிற மாதிரி. "மழை வந்தா துணி ஊறிடும். ஒரு நாள் மேனேஜர் தடவிக் குடுத்தார்னா? யாருக்குக் காது குத்தறேன்னு கேட்டு அன்னைக்கே வெளியில அனுப்பிடுவாரு. நெஜக் காதே இப்படி நின்னுட்டா அந்தத் தொல்லையே இல்ல. நாளைக்கே முடிச்சிடலாம். கட்டு போட்டிருக்கற வரைக்கும் காதுல அடிபட்டுடுச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்க தெச்சுக் காட்டினதாலதான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. வெட்டாமல் இருக்கத்தான் தைத்தேன். தைத்ததைப் பார்த்துத்தான் இப்போது வெட்டப்போகிறார்கள். குல்லாவைக் கழற்றினேன். வாலுவின் காதுகள் நாளெல்லாம் மடிந்து கிடந்து கசங்கியிருந்தன. முன்னங்காலில் பல் பட்ட காயம் ஒன்று. கேட் பக்கத்துக் கிழட்டு நாய் கடித்துவிட்டதாம், வாலு விளையாடத்தான் போனதாம், அது எப்படியோ தப்பாக எடுத்துக்கொண்டதாம். நான் காயத்தைக் கழுவினேன். பஞ்சு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கசங்கிய காதை ஒரு தடவை நீவிவிட்டுப் போய்ப் படுத்தான்.

ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். வழியெல்லாம் சண்டை போட வேண்டும் என்று பேச்சைச் சேர்த்துவைத்திருந்தேன். ஆனால் வாலு எங்கள் இருவருக்கும் நடுவில் அவ்வளவு குஷியாக நடந்துவந்தது, சண்டை வாயில் வரவே மறுத்தது.

டாக்டர் நல்ல மனுஷர்தான். "நிறைய ஊர்ல இதை நிறுத்திட்டாங்க. இங்க கேட்டா செய்யறேன், கேக்காம இருந்தா சந்தோஷப்படுவேன்" என்றார். "இவ்வளவு வளர்ந்தப்புறம் வெட்டினா நிக்கும்னு சத்தியமும் பண்ண மாட்டேன். யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன்" என்றான் பஞ்சு. குரல் கீழே கிடந்தது.

மேசை குளிர்ந்த எஃகு. ஊசி போட்டார். வாலு முதலில் கொட்டாவி விட்டது, பிறகு பஞ்சுவின் முழங்கையில் மோவாயை வைத்தது, பிறகு மெல்ல மெல்லக் கனத்தது. மருந்து வாசனை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில், மின்விசிறி அசைவதே தெரியாத வேகத்தில். அந்த அறையும் எனக்கு மதியப் பட்டறை மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் தூரமாக, எல்லாம் தாமதமாக. டாக்டர் பேனா எடுத்து இரண்டு காதிலும் ஊதாக் கோடு போட்டார். கோடு வளைந்து, நுனியில் கூராக முடிந்தது. கோட்டுக்கு உள்ளே இருப்பது தங்கும். வெளியே இருப்பது, என்னைக் கேட்டால் காதில் பெரும்பாதி, போய்விடும்.

வாலு கனவு கண்டது. மூடிய இமைக்குள் கண் உருண்டது, பாதங்கள் எதையோ துரத்தின. வால் துண்டு இரண்டு தடவை துடித்தது.

"காதை நேரா இழுத்துப் பிடிங்க, கோடு சரியா இருக்கான்னு பாத்துக்கறேன்" என்றார் டாக்டர். பஞ்சு ஒரு காதை விரலால் பிடித்தான். டாக்டர் குனிந்து பார்த்தார், சரி என்றார், கையுறை மாட்டினார்.

"விடுங்க, ஆரம்பிக்கறேன்."

பஞ்சு விடவில்லை.

"தம்பி, கையை எடுங்க."

"எடுக்க முடியலை டாக்டர்" என்றான். நிஜமாகவே முடியவில்லை. அவன் கை நடுங்கவில்லை, அழுத்தவும் இல்லை. அந்தக் காதைச் சும்மா மூடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். "நேத்து பூரா ஒருத்தரும் என்கிட்ட பேசலை அண்ணி. லாரிக்காரங்க கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போனாங்க. டீக்கார அக்கா டீயைத் தூரமா வெச்சுட்டு ஓடிட்டாங்க. கெத்தாத்தான் இருந்துச்சு. மத்தியானம் இவனைக் கூப்பிட்டேன். வந்தான். வந்து என்னைப் பாத்துக்கிட்டே நின்னான். கோவமா, பாசமா, ஒண்ணும் தெரியலை. நான் கூப்பிட்ட நாய் அண்ணி, எனக்கே பயமா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். டாக்டர் கையுறையைக் கழற்றினார். மயக்கம் தெளியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெளி அறைப் பெஞ்சில் வாலுவை நடுவில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தோம். பஞ்சு அங்கேயே போன் போட்டான். "சார், நேத்து நீங்க பாத்தது துணிக் காது சார். எங்க அண்ணி தெச்சது. நெஜக் காது தொங்கும் சார். தொங்கிட்டேதான் இருக்கும்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவன் "சரி சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "சரி சார்". போனை மடியில் வைத்தான்.

"நாளைலேர்ந்து வேற ஆள் நிப்பாராம்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. திட்ட வரும், கிண்டல் வரும். அன்று இரண்டும் வரவில்லை. இந்தப் பெரிய உடம்பை, இந்த வேலையில்லாத தடியனை, என் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரி நினைத்தேன். சொல்லவும் சொன்னேன். "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்குதுடா." அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் கண்டும் காணாமல் வாலுவின் போர்வையைச் சரிசெய்தேன்.

வெயில் தரையில் நகர்ந்து பெஞ்சுக் காலைத் தொட்டது. வாலு கண்ணைத் திறக்கவில்லை, உடம்பு இன்னும் மருந்துக்குள்தான் இருந்தது. பஞ்சு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாதிக் குரலில் அதன் பெயரைச் சொன்னான். அவன் வைத்த பெயரை அல்ல, "வாலு" என்றான்.

காது எழுந்தது. ஊதாக் கோட்டுக்கு வெளியே இருந்த பாதிதான் முதலில் எழுந்தது.